அம்மா நேர்ந்துகொண்ட ரேந்தை

பள்ளிக்கூடம் விட்டு, பினாங்கில் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் படிகளில் ஏறி வரும்போதே, எங்கள் வீட்டுக்குள்ளிருந்து சின்னச் சின்ன மரக்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அடுப்பில் தேத்தண்ணி இருக்கிறது, இன்று திட்டு விழாது என்று நான் தெரிந்துகொள்வேன்.

அம்மா பின்னியது ஊசியால் அல்ல. உமி அடைத்த கெட்டியான தலையணை ஒன்று, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள், அவற்றிலிருந்து தொங்கும் நூல்கள், ஒவ்வொரு நூலின் நுனியிலும் பென்சில் அளவில் ஒரு கட்டை. கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல்கள் குறுக்கே ஏறி, முறுக்கிக்கொண்டு, பூவும் இலையுமாக ஒரு நாடா கீழே வளர்ந்துகொண்டே வரும். அதை அம்மா "ரேந்தை" என்பார். நாகர்கோவில் பக்கத்துக் கன்னியர் மடத்தில் சிறுமியாக இருந்தபோது கற்றுக்கொண்டு, கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தபோது தலையணையையும் கப்பலில் கொண்டு வந்தவர்.

நான் "புதுநன்மை" என்கிற முதல் நற்கருணையை வாங்க வேண்டிய வருடத்துக்கு முந்தைய வருடம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, டாக்டரே கையை விரித்தபோது, அம்மா மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். பிள்ளை பிழைத்து எழுந்தால், புதுநன்மை அன்று அவள் தலையில் போடும் முக்காட்டின் ஓரம் முழுவதையும் என் கையாலேயே பின்னிப் போடுகிறேன் என்று. ஆண்டவர் கிருபையால் நான் எழுந்தேன். அம்மாவும் தொடங்கிவிட்டார். பாதிக்கு மேல் முடிந்திருந்த ஒரு காலையில், சோறு வடிக்கும்போது பானை சரிந்து, கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. கொப்புளமும் கட்டுமாக விரலையே மடக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு லூசி அக்கா, டவுனில் கஜக் கணக்கில் ரேந்தை விற்கிறார்கள், வாங்கித் தைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஆறுதல் சொன்னார். அம்மா சாயங்காலம் மாதா படத்துக்கு முன் உட்கார்ந்து, செபமாலையை இடது கையில் பிடித்தபடி அழுதார். வலியால் இல்லை என்பது எனக்கே புரிந்தது. "என் கையாலேன்னு வாய் விட்டுச் சொன்னேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வந்து சேரும் கப்பல்களிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்துக் கரையில் கட்டுவார். அவர் கைகள் தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். அந்த மனுசர் தலையணையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ வாயால சொல்லு பிலோ, நான் கையால செய்றேன்" என்றார். கை மாறினால் நேர்ச்சை என்ன ஆவது என்று அம்மா கேட்டார். அதற்கு அப்பா, "மாதாவுக்கு இது புரியும் லா. அவங்க வீட்டுக்காரரும் கைவேலைக்காரர்தானே" என்றார். அழுகைக்கு நடுவிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பகல் ஷிப்ட் இல்லாத நாட்களில் அப்பா பின்னினார். முதலில் கட்டைகள் சிக்கின, குண்டூசி குத்தியது, செபம் சொல்லும் வாயால் சொல்லக்கூடாத வார்த்தையும் வந்தது. பிறகு கை பழகியது. ஒருநாள் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு கட்டையில் நூல் தீர்ந்துபோக, அப்பா புது நூலை எடுத்து, தமக்குத் தெரிந்த நல்ல முடிச்சாகப் போட்டு இறுக்கி, மேலே வெகுதூரம் பின்னிவிட்டார். அம்மா வந்து இடது கை விரலால் ரேந்தையைத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்னங்க இது, சோத்துல கல்லு மாதிரி?"

"முடிச்சு. கப்பலே இழுத்தாலும் அவுராது."

"இதைக் கப்பல் இழுக்காதுங்க. உங்க மக தலையில கெடக்கப்போவுது."

பூசைக்கு வருகிற சனம் இதையெல்லாம் உற்றுப் பார்க்குமா என்று அப்பா வாதாடினார். "சனம் பாக்காது. நான் சனத்துக்கா நேந்தேன்?" என்றார் அம்மா. அப்பா தலையணையை இறக்கி வைத்துவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விட்டார். நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடை ரேந்தைதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, பின்னியதையெல்லாம் கட்டை கட்டையாகப் பின்னோக்கிப் பிரித்து, அந்த முடிச்சுவரைக்கும் போனார்.

அப்புறம்தான் அம்மா நூல் சேர்க்கும் விதத்தைச் சொன்னார். நூல் சுத்தமாகத் தீரும்வரை காத்திருக்கக் கூடாது. பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே புதியதைக் கொண்டுவர வேண்டும். வலைபோல் இருக்கும் இடத்தில் சேர்த்தால் தடித்துக் காட்டிக்கொடுக்கும், நெருக்கமாகப் பின்னுகிற இலை வரும்வரை பொறுக்க வேண்டும். அங்கே புது நூலை ஒரு குண்டூசியில் மாட்டித் தொங்கவிட்டு, பழையதோடு சேர்த்து இரண்டையும் ஒரே நூலாகப் பாவித்துக் கொஞ்ச தூரம் பின்ன வேண்டும். புதியது பிடித்துக்கொண்ட பிறகு பழையதைப் பின்னால் ஒதுக்கிவிடலாம். எல்லாம் முடிந்து தலையணையிலிருந்து எடுத்த பிறகே வாலை ஒட்ட நறுக்க வேண்டும். முடிச்சு என்கிற பேச்சே கிடையாது. "அப்ப எதுதான் புடிச்சு நிக்குது?" என்று அப்பா நம்பாமல் கேட்டார். "ஒண்ணா நடந்துச்சே, அதுதான்" என்றார் அம்மா.

முக்காட்டைச் சுற்றி வந்து ரேந்தையின் கடைசி, தொடக்கத்தைத் தொட்ட நாளில், தொடக்கத்தின் ஓரக் கண்ணிகளுக்குள் நூலைக் கொக்கி ஊசியால் இழுத்துக் கோக்க வேண்டியிருந்தது. அதை அம்மா இடது கையால் செய்தார். அசையாமல் பிடித்துக்கொண்டது அப்பா. நான் அந்த முக்காட்டோடுதான் புதுநன்மை வாங்கினேன். இருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கோயிலில் மாதா சொரூபத்தைக் கடக்கும்போதெல்லாம், பாதிதானே என் கை என்று முணுமுணுப்பார்.

அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அக்கரைக்கு வேலைக்கு அவர் ஏறிப்போன பழைய பெரிய பெர்ரிப் படகுகள் இப்போது இல்லை. நூல் வாங்கிய கடையில் கைப்பேசி விற்கிறார்கள். என் கடைசி மகளுக்கு இந்த வருடம் புதுநன்மை என்பதால் பெட்டியிலிருந்து முக்காட்டை எடுத்து, எங்களோடு இருக்கும் அம்மாவிடம் கொடுத்து, அப்பா தொடங்கிய இடத்தைக் காட்டச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், விரலால் ஒரு சுற்று முழுக்கத் தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"எது என் கை, எது அவர் கைன்னு எனக்கே தெரியல. மாதா மட்டும் பிரிச்சா பாக்கப்போறாங்க?" என்றார். பிறகு பேத்தியை அருகில் கூப்பிட்டு, தலையைக் குனியச் சொன்னார்.