பிரசாத்தின் அந்த மாதத்துத் திட்டம்

கண்ணில் கட்டோடு கிடந்த என்னை வைத்து விளையாடியவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

திருவனந்தபுரத்தில் அறிவியல் புனைகதையும் மாயாஜாலக் கதையும் படிக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மாதம் பிறந்ததும் அவரவர் என்ன படிக்கப் போகிறோம் என்று அதில் போடுவோம். கதையின் முடிவை மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

விழித்திரை அறுவைக்கு முன்னால் குழுவில் குரல் பதிவாகப் பேசிப் போட்டேன். "நேக்கு இந்த மாசம் பிளான் இல்லை. கவிழ்ந்தே படுக்கணுமாம். டிராகன் கதையில கடைசி பாகம் பாக்கி இருக்கு. யாராவது முடிவைச் சொல்லுங்கோளேன்."

ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிரசாத் மட்டும், அறுவை முடிந்து நான் கட்டோடு கிடந்தபோது, ஃபோனில் அழைத்தான். குழந்தைகள் ஆற்றைக் கடக்கக் கிழட்டு டிராகன் முதுகைப் பாலமாகக் கொடுத்து, கடைசிக் குழந்தை கரையேறியதும் செத்துப்போகிறது என்றான். தலையணை நனைய அழுதேன்.

கட்டு அவிழ்த்ததும் குழுவைத் திறந்தேன். பிரசாத்தின் அந்த மாதத்துத் திட்டம் இருந்தது: "வலியசாலை அக்காவுக்கு ஒரு பொய் முடிவு." வலியசாலையில் குடியிருக்கும் எனக்குக் குழுவில் அதுதான் பெயர். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அய்யோ அக்கா, சும்மா ஒரு தமாஷாக்கும். நீங்க அழுவீங்கன்னு ஆரு கண்டா?"

குழுவை விட்டு வெளியேறிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். கடைசியில் ராஜா கல்யாணத்தில் டிராகன் நெருப்புக் கக்கி வேடிக்கை காட்டுகிறது. எனக்குக் கொட்டாவி வந்தது.

படுபாவி, அவன் சொன்னதுதான் நல்ல கதை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தக் கிழட்டு டிராகனுக்காக இன்றும் கண் கலங்குகிறது. அதற்காகவே அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.