கிணற்று மேட்டில் ஏறிய கார்

எங்கள் ஊருக்கு செல்போன் டவர் வந்த புதிதில், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. எப்போது வந்தாலும் அவர் பெட்டியிலிருந்து தைலமும் சோப்பும் டார்ச் லைட்டும்தான் வெளிப்படும். அந்த முறை ஒரு கார் வந்தது.

சாத்தூர் பொருட்காட்சியில் நான் ரிமோட் கார்களைப் பார்த்திருக்கிறேன். சர்ரென்று ஓடும், சுவரில் முட்டும், மல்லாந்துவிடும். இந்தக் கார் ஓடவே இல்லை. ஊர்ந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய ரப்பர் சக்கரங்கள், அமுக்கினால் பிஞ்சு வெண்டைக்காய்போல மெத்தென்று இருந்தன.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் காணாமல் பாதியில் கைவிட்ட ஒரு கிணறு. தோண்டும்போது அள்ளிப்போட்ட பாறைத் துண்டுகள் அதன் விளிம்பை ஒட்டி மேடாகக் கிடந்தன. மாமா காரை அதன் அடியில் வைத்தார். அது முன்சக்கரத்தால் ஒரு கல்லைத் தொட்டது. கொஞ்சம் தயங்கியது. பிறகு அந்தக் கல்லைக் கவ்விக்கொண்டு உடம்பை மேலே இழுத்தது. ஒரு சக்கரம் வானத்தைப் பார்க்க, இன்னொன்று பள்ளத்தில் தொங்க, விழாமல் ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“மாமா, இதுக்கு உசுரு இருக்கா?” என்று கேட்டேன். அவர் வீட்டின் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். முந்தின கோடையில் அங்கே நடந்த விபத்தில் வலது கை வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து புண் ஆறி வந்தாலும், தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைச் சித்தி என்னிடம் விளையாடக் கொடுத்துவிட்டாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையாலேயே எல்லாம் செய்தாள்.

மறுநாள் காலையில் கார் கோளாறானது. திருப்பினால் ஒரு முன்சக்கரம் மட்டும் திரும்பியது. மற்றது நேரே பார்த்துக்கொண்டு நின்றது. மாமா காரைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு சக்கரங்களையும் இணைக்க ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் இரு நுனியிலும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணம் ஒரு இரும்புக் குண்டின் மேல் கவிந்து உட்கார வேண்டும். இடது பக்கக் கிண்ணம் கழன்றிருந்தது.

மாமா காரைச் சித்தியின் மடியில் வைத்தார். “ஏத்தா, என் விரலு தடி விரலு. அந்தச் சந்துக்குள்ள போக மாட்டேங்குது. நீ கொஞ்சம் அமுக்கிப் பாரேன்.”

“என் கையப் பாத்துட்டுமாண்ணே இப்படிச் சொல்லுதீக?”

“நான் காரத்தான பாத்தேன்,” என்றார் மாமா.

சித்தி அவரைக் கொஞ்சநேரம் முறைத்தாள். பிறகு இடது கையால் முயன்றாள். ஒரு கையால் முடிகிற வேலை இல்லை அது. கம்பியை ஒரு கை பிடிக்க வேண்டும், கிண்ணத்தை மறு கை அமுக்க வேண்டும். முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கை வெளியே வந்தது. வெகுநேரம் ஆனது. அவள் நெற்றி வியர்த்தது. கடைசியில் ‘டக்’ என்றொரு சத்தம். கார் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பியது. நான் கைதட்டினேன்.

அதன்பின் தினமும் காலையில் அந்தக் கார் கெட்டுப்போனது. ஒருநாள் கிண்ணம் கழன்றிருக்கும். ஒருநாள் கம்பியின் நீளம் மாறி, முன்சக்கரங்கள் இரண்டும் மாறுகண்போல ஒன்றையொன்று பார்க்கும். அப்போது கம்பியை இரண்டு விரலால் மெல்லத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒருநாள் கடுகளவு திருகாணி தளர்ந்திருக்கும். சித்திதான் எல்லாவற்றையும் சரிசெய்தாள். ஒருநாள் விடியலில் நான் கண்விழித்தபோது, மாமா ஸ்க்ரூ டிரைவரால் கிண்ணத்தை நெம்பிக்கொண்டிருந்தார். காருக்குச் சர்வீஸ் பார்க்கிறார் என்று நினைத்தேன். கப்பலையே கட்டுகிற மனிதருக்கு இந்தச் சின்னக் காரைச் சரியாக வைத்திருக்கத் தெரியவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது.

மாமா திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. ஒருநாள் ரிமோட்டைச் சித்தியிடம் கொடுத்தார். இடது கையில் துப்பாக்கிபோலப் பிடித்து, பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தை வலது கையால் திருப்ப வேண்டும். சித்தி கல்மேட்டின் மேல் நின்றுகொண்டு காரை அடியிலிருந்து வரவழைத்தாள். மாமா ஓட்டினால் அது ஏறும். சித்தி ஓட்டியபோது அது வழி தேடியது. ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, முடியாவிட்டால் பின்வாங்கி, வேறு பக்கம் சுற்றி வந்தது. அதுவரை யாரும் ஏற்றாத உச்சிக்கல்லில் அது ஏறி நின்றபோது நான் மூச்சுவிட மறந்திருந்தேன்.

அப்போதுதான் கல் விளிம்பில் கம்பி மோதியது. ஒரு சக்கரம் கோணிக்கொண்டது. கார் கிணற்றுப் பக்கமாகச் சரியத் தொடங்கியது. சித்தி ரிமோட்டைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தாள். இடது கையால் பாறையைப் பற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். சரளைக்கற்கள் கிணற்றுக்குள் விழும் சத்தம் கேட்டது. கார் விழவில்லை. அதன் பின்சக்கரம் சித்தியின் விரல்களுக்குள் இருந்தது. பாதி மடங்கியபடியே நின்றுவிட்ட அந்த விரல்கள் சக்கரத்தைச் சுற்றி இறுகியிருந்தன.

மாமா தடதடவென்று ஏறி வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. “ஏத்தா, சத்தியமா இத நான் கழட்டலத்தா!” என்றார்.

சித்தி மூச்சிரைக்கக் காரைப் புரட்டிப் பார்த்தாள். “தெரியும்ண்ணே. இது வலது பக்கம்லா கழண்டிருக்கு. நீங்க எப்பவும் இடது பக்கம்தான கழட்டுவீக?”

மாமா அவளையே பார்த்தார். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சித்தி கண்ணை அந்தக் கையாலேயே துடைத்தாள். சத்தம் கேட்டுப் பின்வாசலுக்கு வந்த அம்மா, அவர்களைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவ்வளவு விலையுயர்ந்த சாமான் கிணற்றுக்குள் போகாமல் தப்பித்ததற்கு எல்லோரும் இப்படி அழுது சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சித்தியின் கையிலிருந்து காரை வாங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. எவ்வளவு இழுத்தும் அந்தப் பிடியிலிருந்து அதை என்னால் உருவ முடியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.