முவைலா கேம்ப்பில் ஊமைப் படம்

அரபு நாட்டுத் தொழிலாளர் கேம்ப்பில் படம் போடுகிறவனுக்குக் கூலி கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ரூமில் ரிமோட்டைக் கையில் வைத்திருந்து பாட்டு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். என் டூட்டி ஏசி ரிப்பேர். லீவு நாளில் மெஸ் ஹாலில் படம் போடுவதும் என் தலையில் விழுந்தது.

சத்தம் எங்கே?

தமிழ்ப் படம் போட்டால் பெங்காலிகளுக்குக் கோபம், இந்திப் படம் போட்டால் நம்மவர்களுக்கு. வம்பே வேண்டாமென்று பழைய ஊமைப் படம் ஒன்றைப் பிடித்தேன். குண்டன், ஒல்லி என்று இரண்டு சிப்பாய்கள். போரில் எதிரியிடம் மாட்டி, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டே சேர்ந்து தப்பிக்கும் காமெடி. பெங்காலி பாய் ஒருவர் எழுந்துபோய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, சத்தமே இல்லையென்று கத்தினார்.

"பாய், சவுண்ட் மாஃபி! ஜல்தி ரிப்பேர் கரோ!"

கைதி முகாம்

சிப்பாய்களை முகாமில் அடைத்தார்கள். அடுக்குக் கட்டில், சாப்பாட்டுக்கு வரிசை. சிரிக்க வேண்டிய இடத்தில் ஹாலே உன்னிப்பாகப் பார்த்தது. இருவரும் சுவரேறிக் குதித்தபோது கொத்தனார் அண்ணன் ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"ஜன்னல் வச்ச ரூம் குடுத்திருக்கான், அதப் போயி விட்டுட்டு ஓடுறானுவளே!"

இரவல் குரல்

நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னைப் பிய்த்தார்கள். குண்டனுக்கு முருகேசனையும் ஒல்லிக்குச் செல்வத்தையும் வாய்க்கு வந்ததைப் பேசச் சொன்னேன். இருவரும் ஒரே ஊர். உயரக் கட்டடங்களில் ஒரே கிரேடில் தொட்டியில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள்.

முருகேசன் இங்கே வந்த பிறகு அவனுக்கு மகள் பிறந்தாள். லீவில் போன செல்வம், அவளுக்கென்று முருகேசன் கொடுத்தனுப்பிய பையை, வீடுவரை போகாமல் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. பேசாத ஆட்களை ஒன்றாகத் தொங்கவிட மாட்டேன், இந்த வாரமும் இப்படியென்றால் ஒருவன் வேறு சைட், வேறு கேம்ப் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்கு இருவருமே வேண்டும். முருகேசன் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டான்.

"குண்டனுக்குப் பேசுறேண்ணே. இவன்கிட்டப் பேச மாட்டேன்."

பதுங்குகுழி

திரையில் இருவரும் ஒரு குழிக்குள் ஒளிந்தார்கள். குண்டன் ஒல்லியின் சட்டையைப் பிடித்து வாயசைத்தான்.

"ஏன்டா என் வீட்டுக்குப் போவல?" என்றான் முருகேசன்.

படத்தில் அப்படி இல்லை. நான் படத்தை ஓடவிட்டேன். ஒல்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நீயே இன்னும் தூக்காத புள்ள. ஒனக்கு முன்னாடி நான் எப்புடிடா தூக்குறது?" என்றான் செல்வம்.

வெடி வெடித்துத் திரை முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து குண்டன், "சரி, காலைல டூட்டிக்கு என்னைய எழுப்பி விடு" என்றான். பெங்காலி பாய் திரும்பி, இப்போது சத்தம் சரியாகிவிட்டதென்று என்னைப் பாராட்டினார்.

"அச்சா பாய், அப் சவுண்ட் டீக் ஹை!"

ஊமைப் படத்தில் இருக்கும் ஒரே தொல்லை, யாராவது பேசிவிடுகிறார்கள்.