ஷூவுக்கு அடித்த லாடம்

சேதுலட்சுமி எதையும் ஒரு தடவை கேட்டு நம்பியவள் இல்லை. அபிராமம் பக்கத்தில் மிளகாய் போடுகிறவள். கமிஷன் கடையில் மூட்டையை நிறுக்கும்போது தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். டாக்டர் எழுதிய மாத்திரையை இரண்டாவது மருந்துக்கடையிலும் காட்டிக் கேட்பாள். புருஷன் போன பிறகு நிலத்தையும் ஒரே மகனையும் இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் காப்பாற்றினாள்.

மகன் வினோத்குமார் ராமேஸ்வரம் பக்கத்து அக்காள்மடத்தில் இருந்தான். வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் தனுஷ்கோடி வரை கூட்டிப்போகும் வேலை. சைக்கிள் மிதித்தால் சம்பளம் தருவார்களா என்று அவளுக்கு முதலிலிருந்தே உறுத்தல். கடைசியாக ஊருக்கு வந்தபோது வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்றான். ஒன்றுமில்லாதவன் எதற்கு முட்டியைத் தடவுகிறான்?

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் முழுகிவிட்டு வந்த பக்கத்து வீட்டு இருளாண்டி வாசலில் நின்று சொன்னார்.

"ஓம் மகனப் பாத்தேன் தாயி. காலுக்கு லாடம் அடிச்சிருக்காம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

மாட்டுக்கு அடித்தால் அது லாடம். மனுஷனுக்கு லாடம் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான்: போலீஸ் ஸ்டேஷனில் உள்ளங்காலில் விழுகிற அடி. அவன் இருப்பதோ கடற்கரை. படகில் கள்ள மூட்டை ஏற்றிவிட ஆள் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். போனில் கேட்டால் மழுப்புவான். பயலைக் கையோடு கூட்டிவந்து உழவில் விட்டுவிட வேண்டும் என்ற முடிவோடு, சொல்லாமல் பரமக்குடிக்கு வந்து ராமேஸ்வரம் பஸ் ஏறினாள்.

விசாரித்துப் போனதில் ரோட்டோரச் சைக்கிள் கடை ஒன்றில் மகன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் ஃபஹத், நாற்பது வயதிருக்கும், ஒரு ஷூவைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தார்.

"காலைக் காட்டுலே."

"அம்மா! நீ எங்க இங்கன?"

"காட்டுன்னேன்."

உள்ளங்கால் இரண்டையும் வெளிச்சத்துக்குத் திருப்பி அழுத்திப் பார்த்தாள். வீக்கமில்லை, தழும்பில்லை.

"லாடம் கட்டுனது யாருலே? எந்த ஸ்டேஷன்?"

ஃபஹத் வெடித்துச் சிரித்தார். "நான்தாம்மா கட்டுனேன். இவனுக்கில்ல, இதுக்கு!"

ஷூவை நீட்டினார். அடியில் ஒரு பள்ளம். அதற்குள் இரண்டு திருகு போட்டு முடுக்கிய, கட்டைவிரல் அகல இரும்புத் துண்டு. இது பெடலில் போய்க் கடித்துக்கொள்ளும், குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும் என்றார்.

"இதுக்குப் பேரு கிளிப்லெஸ் பெடலும்மா," என்றான் வினோத்.

"அப்படின்னா?"

"கிளிப் இல்லாததுன்னு அர்த்தம்."

"மாட்டிக்கிருதுன்னு இப்பத்தான அவரு சொன்னாரு?"

"மாட்டிக்கிரும். முன்னால காலை நுழைக்கிற கூண்டு வச்ச பெடல் இருந்துச்சு, அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப்னு பேரு, அது இதுல இல்லங்கறதால…"

"இத செஞ்சவன் பேர்லயே பொய் சொல்றான். அவன நம்பிக் காலக் குடுத்திருக்க. சரி, முட்டி ஏன் வலிக்குது?"

இந்த ஷூ போட்டதிலிருந்துதான் என்று வினோத் ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது, கால் ஒத்துழைக்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"நல்லதாப் போச்சு. பையை எடு."

"ஒரு தடவை பாத்துடுறேம்மா," என்றார் ஃபஹத். "மாட்டுனதுல என் தப்புக்கூட இருக்கலாம்."

தானே தப்பை ஒத்துக்கொள்கிற கடைக்காரனை அவள் பார்த்ததில்லை. இதில் என்ன சூது என்று தெரியாமல் நின்றாள்.

ஃபஹத் அவனை மேசைமேல் ஏற்றிக் காலைத் தொங்கவிடச் சொன்னார். இடது பாதம் நேராகத் தொங்கியது. வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்தது.

"எப்பவும் இப்படியா?"

"பொறந்ததுலேருந்து அப்படித்தான். சகதியில காலடியப் பாத்தே இவன்னு சொல்லிருவேன். நீங்க கேக்கலையா?"

"கேக்கல. ரெண்டையும் நேரா வச்சு முடுக்கிட்டேன்."

பெருவிரல் எலும்பு ஷூவில் எங்கே முட்டுகிறது என்று தடவிப் பார்த்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இரும்புத் துண்டைத் தள்ளினார். வலது பாதம் தன் போக்கில் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும்படி, அந்தத் துண்டின் முன்நுனியை ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பினார். உப்புக் காற்றில் திருகு பிடித்துக்கொள்ளும் என்று கிரீஸ் தடவி, மாற்றி மாற்றி முடுக்கினார். பெடலின் பிடியையும் தளர்த்தினார். சேதுலட்சுமி துண்டை விரலால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"ஓட்டிட்டு வா. நான் கை காட்டுன இடத்துல நிக்கணும்."

அவன் திரும்பி வரும்போது, எதிர்பாராத இடத்தில் திடீரென்று குறுக்கே போய்க் கையை நீட்டினாள். வினோத் பிரேக்கைப் பிடித்துக் குதிகாலை வெளியே வெட்டித் திருப்பினான். பெடல் டக்கென்று விட்டது, கால் தரையில் ஊன்றியது.

"கொல்லப் பாக்குறியாம்மா?"

"நிக்கிறியான்னு பாத்தேன். வலிக்குதா?"

"இல்ல."

அந்தப் பதிலை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சுற்றிவரச் சொன்னாள், இன்னும் இரண்டு முறை. பிறகு உட்காரவைத்து ஷூவைக் கழற்றி, முட்டியின் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கால் விரல்களைப் பார்த்தாள். லேசாகச் சுருங்கின. தான் வந்த உடனே இதே இடத்தை அமுக்கியிருந்தால் வலியில் காலையே இழுத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

"பழைய வலி தங்கியிருக்கு. ஞாயிறு வரைக்கும் ஓட்டாத. ஐஸ் வை. அன்னைக்கு ஓட்டு."

"அப்ப ஊருக்கு?"

"நான் போறேன்."

பஸ் வந்தபோது ஃபஹத்திடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் போடுவேன். இவனுக்கில்ல, உங்களுக்கு. இவன் நடக்குறத வீடியோவுல காட்டணும் தம்பி. மூஞ்சி வேண்டாம், முட்டி தெரிஞ்சாப் போதும்."