தொண்ணூறில் தொடங்கும் நடுக்கம்

டிராவல்ஸில் அவளை லாங் டிரிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்குள் ஓடும் சவாரிகளை அவள் தொடமாட்டாள். சிக்னலுக்குச் சிக்னல் நின்று சாவதற்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்பாள். சொந்த வண்டி, நெடுஞ்சாலைப் பிழைப்பு. ஐம்பதைத் தாண்டிய வயதில் வேறொன்றைக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அக்கா வண்டியில் நிம்மதியாகத் தூங்கலாம், வாயை மட்டும் திறக்கக்கூடாது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. அந்த அளவுக்கு முன்கோபம்.

அந்த வண்டி, அவளுடைய அண்ணன் பட்டறையில் பிரேக் வேலை முடிந்து வந்ததிலிருந்து நடுங்கியது. எண்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் தெரியாது. தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும். நூற்றுப்பத்தில் மெல்ல அடங்கும்.

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைத் தெருவைச் சுற்றி வந்தான். தள்ளுவண்டியும் சைக்கிளும் நெரியும் அந்தத் தெருவில் ஐம்பதைத் தொடுவதே பெரிய காரியம்.

"எல்லாத்தையும் மறுபடி பிரிச்சுப் பாத்துட்டேன் பாப்பா. டிஸ்க் நேரா இருக்கு. பேரிங்ல சத்தமில்ல. சக்கரத்த பேலன்ஸ் மெஷின்ல போட்டேன், சைபர் காட்டுது. அதுக்கு மேல வண்டியில என்ன இருக்கு?"

"தொண்ணூறுல ஓட்டிப் பாத்தியா?"

"நீ ஏன் தொண்ணூறுல போற?" என்றான். சொல்லும்போதே அவன் பார்வை அவள் கைகளுக்கு இறங்கியது.

அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். அவர்களுடைய அப்பா கண்ணாடி வெட்டும் தொழிலாளி. ஏறக்குறைய இதே வயதில்தான் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. தொழில் போய், கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூடப் பிறர் போட்டுவிட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, எது ஆடினாலும் முதலில் கையைப் பார்க்கிற புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

அன்று மாலை அவள் கணவர் டம்ளரில் பாதிக்கு மட்டும் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"மீதி எங்க?"

"சிந்தாம இருக்கட்டுமேன்னுதான்."

"யாரு சிந்துனா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "உங்க அண்ணன் போன் பண்ணி உன் கையப் பத்திச் சொன்னாரு. அக்கறையிலதானே சொல்றாரு."

அவள் டம்ளரை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். குடிக்கவில்லை.

மறுநாள் காலை டிராவல்ஸ் மேனேஜர் பேசினார். "அக்கா, கொஞ்ச நாளைக்கு ஊருக்குள்ள சவாரி மட்டும் எடுத்துக்கங்க. உங்க அண்ணன் சொன்னாரு. டாக்டர்கிட்ட ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்துடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

போனை வைத்தபின் அவளுக்குக் காதுகள் சுட்டன. ஒரு கை நடுங்கவில்லை என்று அந்தக் கையே எப்படிச் சாட்சி சொல்லும்? மறுத்தால் பதற்றம் என்பார்கள். கத்தினால், பார், இப்போதுகூட நடுங்குகிறது என்பார்கள். கோபப்பட்டவருக்குக் கை நடுங்குவதும் உண்மைதான். அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

பட்டறைக்குப் போய், எவனோ ஒருவனுடைய வண்டிக்கு அடியில் கிடந்த அண்ணனின் காலைச் செருப்பால் தட்டினாள்.

"ஏறு வண்டியில."

"வேலை கெடக்கு பாப்பா."

"என் வேலைய நேத்தே கெடுத்துட்டல்ல? உன்னுது கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

நெடுஞ்சாலையில் வேகம் தொண்ணூறைத் தொட்டது. ஸ்டியரிங் உதறியது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அவள் வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள்.

"நீ ஓட்டு. என் கை என் மடியில இருக்கும். ஆசை தீரப் பாத்துக்க."

அவன் ஓட்டினான். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறைத் தாண்டியதும் அவனுடைய முழங்கை வரை அதிர்ந்தது.

"என்ன அண்ணே, உனக்கும் வந்துருச்சா?"

அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தான். அப்போதும் அதிர்ந்தது. "இன்ஜின் இல்ல," என்று முணுமுணுத்தான். "முன் சக்கரத்துப் பக்கம்தான். ஆனா அங்கதான் எல்லாம் சரியா இருக்கே."

"பிரேக் வேலை தவிர வேற என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"இந்த அலாய் சக்கரம்?"

"அது வேலை இல்லையே. உனக்காக ஆசையா மாட்டிவிட்டது."

வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பளபளப்பான சக்கரங்கள் அவை. தங்கை வண்டி அழகாக இருக்கட்டும் என்று கேட்காமலே போட்டிருந்தான். தான் பார்த்த வேலையை ஒன்று விடாமல் சந்தேகப்பட்டவன், அவள் கையைச் சந்தேகப்பட்டவன், தான் கொடுத்த பரிசை மட்டும் சந்தேகப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தில் தவறு இருக்க முடியாது என்று நம்புகிறவர்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பழசை மாட்டு."

பட்டறை மூலையில் கிடந்த பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து. ஸ்டியரிங் அசையவில்லை.

திரும்பி வந்து அவன் அலாய் சக்கரத்தை எடுத்து அச்சின் முனையில் பொருத்திக் காட்டினான். நடு ஓட்டை ஒரு நூல் பெரிது. இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும்; அது இல்லாததால் சக்கரம் மையம் தப்பி உட்கார்ந்திருந்தது. பேலன்ஸ் மெஷினோ ஒரு கூம்பு வைத்துச் சக்கரத்தை நடுவில் பிடித்துக்கொள்ளும், அதனால் அங்கே சைபர். வண்டியில் அப்படிப் பிடிக்க ஆளில்லை.

"வளையத்தக் கவனிக்கல பாப்பா. டீ சொல்லவா?"

"மேனேஜருக்குப் போன் போடு."

"நாளைக்குப் பேசிடறேன்."

"எனக்குக் கோளாறுன்னு சொல்ல நாளைக்கு வரைக்கும் காத்திருந்தியா?"

அவன் கையைத் துடைத்துவிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டான். "சார், வண்டியில சின்னக் கோளாறு. சரி பண்ணிட்டேன்."

அவள் நகராமல் நின்றாள். "இது பாதி."

அண்ணன் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான். "கோளாறு நான் வெச்சது சார். அவ கைக்கு ஒண்ணும் இல்ல. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"ரொம்பச் சந்தோசம்," என்றார் மேனேஜர். "இருந்தாலும் ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா நல்லதுதானே?"

அவள் போனைப் பிடுங்கினாள். "கொண்டு வர்றேன் சார். உங்ககிட்ட ஓட்டற அத்தனை பேரும் கொண்டு வரட்டும். வரிசையில நான் முதல் ஆளா நிக்கிறேன். எனக்கு மட்டும்னா, வேற டிராவல்ஸ் பாத்துக்கறேன்."

மறுமுனையில் டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நாளைக்கு ஒரு லாங் டிரிப் இருக்குக்கா," என்றார் மேனேஜர் கடைசியில். "நீங்களே எடுத்துக்கங்க."

அவள் சாவியை எடுத்தாள். அண்ணன் அலாய் சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வளையம் போட்டுட்டா ஒரு பிரச்சினையும் இல்ல பாப்பா. வண்டிக்கு எடுப்பா இருக்கும்."

"உன் வண்டிக்குப் போட்டுக்க," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.