அண்ணன் இருந்த பட்டியல்

அண்ணன் இறந்து மூன்றாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் பராமரிக்கும் அலுவலகம் அது. டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. அந்தப் பட்டியலில்தான் அண்ணனும் இரண்டரை வருடம் இருந்தார்.

சிறுநீரகம் ஒன்று கிடைத்ததும் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க வேறொரு கணினியில் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல், ஓடும். ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்குப் போகும். கிணற்றைக் கரண்டியால் மொண்டு இறைக்கிற கதைதான். நாலு மணி நேரம் ஆகும்.

சும்மா இருக்க முடியாத கைக்கு வேலை வேண்டியிருந்தது. ஒப்பிடுவது முழுவதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும்படி, அங்கேயே சேமித்து வைக்கும் நிரலாக, ஸ்டோர்டு ப்ரொசீஜராக எழுதினாள்.

பழைய ஸ்கிரிப்டை எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். எல்லோருக்கும் அவர் 'தாடி'.

"உள்ள கொண்டுபோய் வச்சிட்டா, நாளைக்கு விதி மாறினா யாரும்மா தொடுவா? வெளிய இருந்தா யாரு வேணும்னாலும் திருத்தலாம்."

"விதியெல்லாம் தனி அட்டவணையில இருக்கு சார். அத யாரும் திருத்தலாம். ஒப்பிடறது மட்டும்தான் உள்ள."

"சரி, ஓட்டிக் காட்டு."

ஒன்பது நிமிடம். தாடி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருஷமா நான் பல்லக் குத்திட்டா இருந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்கும் தெரிந்தது.

சாப்பாட்டு வேளையில் அறை காலியானதும் அண்ணன் இருந்தபோது ஒரு சிறுநீரகம் வந்த பழைய தேதியைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். அன்று வந்த சிறுநீரகம், பொருத்தம் பார்த்து முடித்து வேறு ஊர் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்று அந்த மருத்துவமனையிலேயே இருந்த ஒருவருக்குப் போயிருந்தது. ஒன்பது நிமிடம் திரையையே பார்த்தாள். அண்ணன் ஏழாவதாக இருந்தார்.

அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு வந்தது அண்ணனுக்கு இல்ல. சீக்கிரமா பாத்திருந்தாலும் கிடைச்சிருக்காது."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"சரி. நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடு."

போய்ச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சிறுநீரகம் வந்தது. முதல் பெயர் ஒரு தையல்காரருடையது; தொலைவான ஊர். மதியத்துக்குள் அவரை அறுவை சிகிச்சை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தாடி அவள் மேசையருகே வந்து நின்றார்.

"பொழச்சிட்டாராம்மா. உக்காந்து பேசுறாராம்."

"நல்லது சார்."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். அவள் தையல்காரரின் வரியைத் திறந்து, 'காத்திருப்பவர்' என்பதை எடுத்துவிட்டு 'சிறுநீரகம் பெற்றவர்' என்று மாற்றினாள்.