ஹலீம் வந்து எடுக்கவேண்டிய முள்

நாயாற்றில் இறால் பிடிக்கும் யோசெப்பின் வாழ்க்கை வரலாற்றை முறைப்படி எழுதப்போனால், முள்ளிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஏழு வயதில் வலது காலில் கெளிற்று முள் ஏறியது. கலியாணப் பந்தியில் பாரை முள் தொண்டையில் சிக்கியது. கலியாணப் படத்தில் மாப்பிள்ளை அழுவதற்குக் காரணம் அதுதான் என்பதை அவர் மனைவி கிறேஸ் இன்னும் முழுதாக நம்பவில்லை. வீட்டு மணிக்கூட்டில் சின்ன முள் எப்போதோ கழன்று விழுந்துவிட, பெரிய முள் மட்டும் ஓடுகிறது. ஆகவே அந்த வீட்டில் மணி தெரியாது, நிமிடம் துல்லியமாகத் தெரியும். சமாதானம் வந்த கையோடு நிவாரணப் பொதியில் ஆறு முள்ளுக்கரண்டிகளும் வந்தன. என்ன செய்வதென்று யோசித்த கிறேஸ், ஒன்றால் ஆட்டுக்கு முதுகு சொறிந்துவிட்டார். ஆட்டுக்கு அது பிடித்திருந்தது.

இவையெல்லாம் சில்லறை முட்கள். பெரிய முள் வேலியில் இருந்தது.

பக்கத்துக் காணி ஹலீமுடையது. இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஓர் ஆள் புகுந்து வருமளவுக்கு ஒரு கடப்பு. இந்த வீட்டு இறால் கறியும் ஹலீமின் மனைவி ஜொஹறாவின் வட்டிலப்பமும் அதால்தான் போய்வந்தன. றோட்டுப் படலை விருந்தாளிகளுக்கும் விதானையாருக்கும் உரியது. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம் சனம் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் அறிவித்த அன்று, ஹலீம் கையில் ஒரேயொரு பையோடு கடப்படியில் நின்று சொன்னார்:

"மச்சான், ஆடு பூராமல் இதிலை ஒரு முள்ளுக்கொப்பைப் போட்டுவிடு. நான் வந்து எடுக்கிறன்."

யோசெப் இலந்தைக் கொப்பு வெட்டிப் போட்டார். அது உக்கத் தொடங்கினால் மேலே இன்னொன்று. இடையில் அவர் குடும்பமும் இரண்டு தரம் இடம்பெயர்ந்தது. திரும்பிவந்ததும் கூரையைப் பார்க்கமுன் கடப்பைப் பார்த்தார். பழைய கொப்புகளை எடுக்கவில்லை. எடுக்கிறேன் என்று சொன்னவர் ஹலீம். அடுத்தவர் வேலையில் கைவைப்பது முறையா? பன்னிரண்டு வருடத்தில் அது ஆளுயரக் கோட்டையாகிவிட்டது.

சண்டை நின்று பாதை திறந்து, அகதியாய் இருந்த புத்தளத்திலிருந்து ஹலீம் வருகிறாராம் என்று கேள்விப்பட்டதும் யோசெப்புக்கு ஒரே பயம்: இருக்க வருகிறானா, விற்க வருகிறானா? மூன்று நாள் இறாலுக்குப் போகாமல், வலை பொத்துகிறேன் என்று வேலியடியில் குந்தியிருந்தார். பொத்துவதற்குக் கிழிசல் இல்லாததால் அதையும் தானே உண்டாக்கினார்.

நாலாம் நாள் காலை, முள்ளுக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. வந்தது; நின்றது. யோசெப் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது இழுப்பான்.

காலடி திரும்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் றோட்டுப் படலையில் தட்டுகிற சத்தம்.

"வீட்டுக்காரர் நிக்கிறீங்களோ?"

கெளிற்று முள் இவ்வளவு நோகவில்லை.

ஹலீம் கதிரை நுனியில் இருந்தார். கிறேஸ் தேத்தண்ணி கொடுத்தார்.

"பத்து மணி பஸ்ஸுக்குப் போகவேணும். இப்ப நேரம் என்ன?"

யோசெப் மணிக்கூட்டைப் பார்த்தார். "இருவது நிமிசம்."

"எத்தினை மணி இருவது?"

"அதைச் சின்ன முள்ளிட்டைத்தான் கேக்கவேணும்."

ஹலீமுக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டார். "காணியைப் பாத்திட்டன். புதுக்குடியிருப்பிலை ஒராள் கேக்கிறார். குடுத்திடுவம் எண்டு ஜொஹறாவும் சொல்லுறா."

யோசெப்பின் முகம் கலியாணப் படத்தில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. கிறேஸ்தான் கேட்டார்: "ஹலீம் நானா, நீங்கள் என்னத்துக்கு றோட்டாலை சுத்தி வந்தனீங்கள்?"

"வேறை எதாலை தங்கச்சி வாறது? கடப்பைத்தான் கோட்டை மாதிரி அடைச்சுப்போட்டியளே. பிழை சொல்லேல்லை. போன சனம் வரும் எண்டு ஆர் பாத்துக்கொண்டிருப்பினம்?"

யோசெப் எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது.

"டேய்! அடைக்கச் சொன்னது நீ! வந்து எடுக்கிறன் எண்டதும் நீ! வந்திட்டு, படலையிலை நிண்டு வீட்டுக்காரரோ எண்டு கேக்கிறாய். போடா, போய் எடு!"

ஊரைவிட்டுப் போன அன்றைய அந்தரத்தில் ஹலீம் எத்தனையோ சொல்லியிருப்பார். இது நினைவில் இல்லை. "நானோ சொன்னனான்?"

"நீ சொன்னபடியால்தான் என்ரை கை காலெல்லாம் கிழிஞ்சது."

ஹலீம் வேலியடிக்குப் போய்க் கொப்புகளை இழுக்கத் தொடங்கினார். யோசெப் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை செய்தார்.

"உது போன மாரியிலை போட்டது. கீழை கிடக்கிறது, நாங்கள் உடையார்கட்டாலை திரும்பி வந்து போட்டது."

"வருசா வருசம் போட்டனீயோ?"

"சில வருசம் ரெண்டு தரம்."

அதற்குப் பிறகு ஹலீம் கொப்புகளைப் பிடுங்கி எறியவில்லை. மெல்ல மெல்ல இழுத்தார். பாதியில் உள்ளங்கையில் ஒரு முள் ஏறியது. கிறேஸ் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தார். யோசெப் அந்தக் கையை மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேவைக்கு மேலாகவே ஆராய்ந்தார்.

"ஆடாமல் இரு."

"நான் ஆடேல்லை."

"அழுறாய்."

"முள்ளுக் கிண்டினா அழாமல்?"

"நான் இன்னும் ஊசியை வைக்கேல்லை, மச்சான்."

மிச்சத்தை இரண்டு பேருமாக இழுத்தார்கள். அடியில், முதல் போட்ட கொப்பு இருந்த இடத்தில், கறுத்த மண் மட்டும்தான். சந்தியில் பத்து மணி பஸ் கோண் அடித்துக் கூப்பிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு மட்டும் எழும்பி, இருவருக்கும் நடுவால் புகுந்து அந்தப் பக்கம் போனது.

"டேய் யோசெப், உன்ரை ஆடு என்ரை வளவுக்குள்ளை!"

என்ரை வளவு. யோசெப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப திரும்ப அடைக்கட்டோ?"

"அடைச்சுப் பார்! அடுத்த கிழமை ஜொஹறா வரட்டும். அவாவின்ரை முருங்கையை முந்தித் திண்டதும் உன்ரை ஆடுதான். அந்தக் கதை இன்னும் முடியேல்லை."